பட்டுக்கு நிறம் தெரியும்வரை

மார்ச் 30, சனி

ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்ப்பவர்களுக்கு மார்ச் கடைசி வாரம் எப்படி ஓடும் என்று சொல்லத் தேவையில்லை. இன்றும் மதுரை செல்லூருக்கு வந்து சேர எட்டரை மணி. சாப்பிட்டுக் கை கழுவி, ஊசியை எடுத்த பிறகுதான் உடம்பு கொஞ்சம் தளர்ந்தது.

அத்தை பார்த்துக்கொண்டே இருந்தார். "நேத்து குதிரை, இன்னிக்குக் கிளியா? ஒண்ணை முடிச்சிட்டு அடுத்ததை எடுத்தா என்னத்தா?"

அத்தை தறிக்காரர் வீட்டில் பிறந்தவர், தறிக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவர். வருஷக்கணக்கில் தறிக்குத் தார் (ஊடைநூல் குழல்) சுற்றிய கை. தறியில் பாவு (நெடுக்கு நூல்) ஏறிவிட்டால் அது இறங்குகிறவரைக்கும் வேறு நினைப்பே கிடையாது. கட்டத் துணியில் கட்டத்துக்கு ஒரு பெருக்கல் குறியாகத் தைத்துப் படம் கொண்டுவருவது கிராஸ் ஸ்டிச். அந்தக் கண்ணுக்கு என் கிராஸ் ஸ்டிச் பை அலங்கோலமாகத்தான் தெரியும்.

கையில் மூன்று வேலை இருக்கிறது. முதலாவது அழகர், மீனாட்சிக்கு அண்ணன், சித்திரைத் திருவிழாவில் வைகை ஆற்றில் இறங்குகிறவர். தங்கக்குதிரையில் கள்ளழகர், 14 கட்ட ஐடா துணியில், அதாவது அங்குலத்துக்கு 14 கட்டம். அகலம் 140 கட்டம், உயரம் 168. போன வருஷம் தல்லாகுளத்தில் நான் எடுத்த போட்டோவை வைத்து, மகளின் கிராஃப் நோட்டில் நானே கட்டம் கட்டமாக வரைந்த டிசைன்.

இரண்டாவது நாத்தனார் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு, மேட்டி என்கிற கட்டத் துணியில் ஒரு ஜோடி தலையணை உறை. உறைக்கு ஒரு கிளி, சுற்றிலும் பூங்கொடி பார்டர். விழா வைகாசியில், திருமங்கலத்தில்.

மூன்றாவது தம்பி சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த கிட், துணியும் நூலும் டிசைனும் சேர்ந்தே வருவது. பனி மூடிய குடிசை, பைன் மரங்கள், ஜன்னலில் ஒரு மஞ்சள் வெளிச்சம். 18 கட்டத் துணி. இரண்டு வருஷமாகப் போகிறது. பாதிதான் ஆகியிருக்கிறது.

மார்ச் 31, ஞாயிறு

ஞாயிறு என்றாலும் ஆபீஸ் உண்டு. இரவு பத்து மணிக்கு மேல் குதிரையின் முன்னங்காலை எடுத்தேன். தூக்கம் வரவில்லை, கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. ஒரு மணி நேரம் போட்டேன்.

ஏப்ரல் 7, ஞாயிறு

காலை வெளிச்சத்தில் பார்த்தால் குதிரையின் முன்னங்கால் ஒரு கட்டம் தள்ளி நிற்கிறது.

துணி முழுக்க பத்துக் கட்டத்துக்கு ஒரு கோடு, வெளிர்நீலத் தையல் நூலில் ஓட்டுத்தையலாக முதலிலேயே போட்டு வைத்திருக்கிறேன். முடிந்ததும் உருவிவிடலாம். குளம்பு அந்தக் கோட்டுக்கு இரண்டு கட்டம் உள்ளே முடிய வேண்டும். மூன்று கட்டம் உள்ளே முடிந்திருந்தது. மேலே எண்ணிக்கொண்டே போனேன். முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு வரிசையில் 11 போட வேண்டிய இடத்தில் 12. அன்று ராத்திரி பத்து மணிக்கு மேல் போட்டதுதான். அன்று பகல் முழுக்க எண்களைப் பார்த்த கண்.

மேலே போட்ட ஒரே ஒரு தையலை மட்டும் ஒளித்துவிட்டுச் சேணத்தில் சரிக்கட்ட முடியுமா என்று அரை மணி நேரம் கிராஃப் நோட்டோடு உட்கார்ந்தேன். முடியும்தான். ஆனால் அழகர் ஏறும் குதிரை. மனசு ஒப்பவில்லை. பிரித்தேன்.

பிரிப்பது தைப்பதைவிட மெதுவான வேலை. ஊசியின் காதுப்பக்கத்தை மேல்காலுக்கு, அதாவது பெருக்கல் குறியில் மேலே கிடக்கும் கோட்டுக்கு, அடியில் நுழைத்து நூலைச் சற்றே தூக்கி, நுனிக் கத்தரியால் ஒரு வெட்டு. அப்புறம் துணியைத் திருப்பி, சின்ன இடுக்கியால் அடிக்காலை இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் ஐடாவின் ஓட்டை அகன்றுவிடும், பிறகு அந்த இடத்தில் தையல் உட்காராது. வெட்டிய மஞ்சள் துகள்கள் துணியில் ஒட்டிக்கொண்டன. செல்லோ டேப்பை விரலில் சுற்றி ஒற்றி ஒற்றி எடுத்தேன். 214 தையல். மத்தியானம் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது, என் வீட்டுக்காரரே ரசம் வைத்து அப்பளம் பொரித்துவிட்டார்.

இனி ஆபீஸ் விட்டு வந்த இரவில் குதிரையைத் தொடுவதில்லை. அந்த நேரத்துக்குக் கிளி உறை இருக்கிறது. கொடி பார்டர் ஒன்பது கட்டத்துக்கு ஒருமுறை தன்னைத் தானே திரும்பச் சொல்லும், கைக்கே தெரியும். அத்தையோடு பேசிக்கொண்டே போடலாம்.

ஏப்ரல் 9, செவ்வாய்

பனிக்குடிசைக்கு முறை. விடிந்ததும் ஆறிலிருந்து ஏழு வரை, மாடிப்படிக்கட்டில் உட்கார்ந்து. டியூப்லைட்டில் இதைப் போட முடியாது. கிட்டில் இருப்பது டி.எம்.சி. நூல், 1746இல் தொடங்கிய பிரெஞ்சுக் கம்பெனி. அதில் வெள்ளை என்று மட்டும் சொன்னால் போதாது. சாதா வெள்ளை ஒன்று, பி5200 என்கிற பளீர் வெள்ளை ஒன்று. அதற்கு மேல் நீலம் கலந்த சாம்பல், ஊதா கலந்த சாம்பல். பனி விழுந்து நான் பார்த்ததில்லை. ஆனால் இரண்டு வருஷமாக இதைப் போட்டுப் போட்டு ஒன்று தெரிந்துகொண்டேன்: பனியில் வெள்ளை இருப்பது வெயில் படுகிற மேட்டில் மட்டும்தான், மீதி எல்லாம் நிழலின் நிறம். இப்போது மொட்டைமாடியில் காயும் வேட்டியைப் பார்த்தாலும் மடிப்புக்குள் எத்தனை நீலம் என்று கண் போகிறது.

கிட்டில் கொடுத்த கறுப்பு 310 தீர்ந்துபோயிருந்தது. ஆங்கர் கம்பெனி நூலில் அதற்கு ஈடான 403 வாங்கிப் போட்டேன். பைன் மரத்தடியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று எனக்கே தெரியவில்லை.

ஏப்ரல் 12, வெள்ளி

மீனாட்சி கோயிலில் இன்று கொடியேற்றம்.

மாலையில் ஏழுகடல் தெருப் பக்கம் போனேன். தையல் சாமான் வாங்க எனக்கு அந்தப் பக்கம்தான். சின்ன வயசில் அப்பாவோடு வரும்போது, மீனாட்சி கோயிலுக்கு எதிரே புது மண்டபத்துக் கல்தூண்களுக்கு நடுவே வரிசையாகத் தையல் மெஷின் ஓடும். அந்தச் சத்தத்துக்காகவே மெதுவாக நடப்பேன். அந்தக் கடைகள் இப்போது குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. மண்டபம் காலியாக, அழகாக இருக்கிறது. எனக்கு அந்தச் சத்தம் வேண்டியிருக்கிறது.

இரண்டாவது கிளிக்குப் பச்சை வாங்கினேன், ஆங்கர் 228, இரண்டு கண்டு (நூல் சுருள்). இரண்டையும் ஒரே பெட்டியிலிருந்து எடுத்துத் தரச் சொன்னேன். நம்பர் ஒன்றாக இருந்தாலும் சாயம் போட்ட தடவை வேறாக இருந்தால் நடு இறக்கையில் வரி விழுந்த மாதிரி தெரியும்.

நூல் விஷயத்தில் இந்தப் புத்தி அப்பா தந்தது. அப்பா மதுரா கோட்ஸ் மில்லில் வேலை பார்த்தவர். எங்கள் வீட்டில் அதற்கு ஹார்வி மில் என்றுதான் பெயர். எம்பிராய்டரி நூல் ஏன் மினுங்குகிறது என்று நான் கேட்டதற்கு, பருத்தியை இழுத்துப் பிடித்துக் காஸ்டிக் சோடாவில் முக்கி எடுப்பார்கள், இழை உப்பி உருண்டுவிடும், உருண்டதில் வெளிச்சம் வழுக்கும் என்று திண்ணையில் உட்கார்ந்து விளக்கினார். ஒரு கண்டில் 8 மீட்டர், அதற்குள் ஆறு இழை. ஆறையும் ஒன்றாகப் பிடித்து இழுத்தால் சிக்கும். ஒவ்வோர் இழையாக நேரே மேலே உருவ வேண்டும். மற்ற ஐந்தும் கீழே சுருண்டு நின்று, விட்டதும் தானே நீண்டுகொள்ளும். அதையும் அவர்தான் காட்டினார்.

அழகரின் பட்டுக்கு மட்டும் நூல் வாங்கவில்லை. அழகர் ஆற்றில் இறங்கும்போது என்ன நிறப் பட்டு என்பது அன்றைக்குத்தான் தெரியும். பெட்டிக்குள் பட்டர் கையை விட்டு, கையில் வருவதை எடுத்துச் சாத்துவார் என்பது மதுரை நம்பிக்கை. பச்சை என்றால் விளைச்சல், சிவப்பு என்றால் கலக்கம் என்று ஊரே பலன் சொல்லும். போட்டோவில் இருப்பது போன வருஷத்துப் பட்டு. இந்த வருஷத்து அழகருக்கு அதைப் போடக் கூடாது. அதனால் டிசைனில் அந்த இடத்தை எல்லைக்கோடு மட்டும் வரைந்து வெறுமையாக விட்டிருக்கிறேன். ஏறக்குறைய 1900 கட்டம்.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை ஒன்று. வேப்பம்பூப் பச்சடி, பாயசம், வீட்டில் ஆட்கள். அழகரின் கொண்டைக்குக் கொஞ்சம், வளைதடிக்குக் கொஞ்சம், மொத்தம் 90 தையல்.

சேணத்துக்கு வாங்கிய சிவப்பை ஈரம் பண்ணி வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்தேன். இளஞ்சிவப்பாகக் கறை. கம்பெனிப் பெயர் இல்லாத நூல், விலை குறைவு என்று எடுத்தது. தூக்கிப் போட்டுவிட்டேன். நூலைத் தைக்கும் முன் நனைத்துப் பார்க்கிற இந்த இரண்டு நிமிஷத்தை யாரும் விடக் கூடாது. சிவப்பாக இருந்தால் கட்டாயம்.

ஏப்ரல் 19, வெள்ளி

ஓட்டுப் போட்டு வந்தோம். மகளுக்கு இன்னும் வயசாகவில்லை, வாசல்வரை வந்தாள்.

மை வைப்பது இடது ஆள்காட்டி விரலில். துணிக்கு அடியில் ஊசியை வாங்கிக்கொள்ளும் விரலும் அதுவேதான். நன்றாகக் காய்ந்த பிறகும் பனிக்குடிசையைத் தொட மனசு வரவில்லை, பேண்டேஜ் சுற்றிக்கொண்டு கிளியை எடுத்தேன். முதல் கிளி முடிந்தது. மூக்கின் வளைவில் மட்டும் கால் தையல், அரைத் தையல் போட்டுக் கூராக்கினேன். கட்டத்திலேயே நின்றால் கிளி மூக்கு படிக்கட்டு மாதிரி இருக்கிறது.

இன்று மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம். ஆவணிவரை நான்கு மாதம் அவள் ஆட்சி. டி.வி.யில் பார்த்தபோது அவள் கைக்கிளியைத்தான் தேடினேன்.

ஏப்ரல் 21, ஞாயிறு

திருக்கல்யாணம். டி.வி.யில் தாலி கட்டும் நேரத்துக்கு அத்தையும் நானும் மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டோம். மாமா நல்லபடியாக வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். கையெல்லாம் மஞ்சள். இன்று எந்தத் துணியையும் தொடவில்லை.

பை மூன்றும் ஆணியில் தொங்குவதைப் பார்த்துவிட்டு அத்தை, "இன்னிக்கு மூணுக்கும் லீவா?" என்றார். கேட்ட விதத்தில் பழைய குறை இல்லை. பிறகு தானாகவே சொன்னார்: தறி நின்ற நாட்களிலும் அவர் அம்மா திண்ணையில் கூடை பின்னுவாராம். "அதை வேலைன்னு யாரும் எண்ணலை" என்றார். எனக்கு அதை இன்னும் கேட்க வேண்டும்போல் இருந்தது. மாமா காபி கேட்டார், பேச்சு போய்விட்டது.

ஏப்ரல் 23, செவ்வாய்

ராத்திரி மூன்று மணிக்கே கிளம்பினோம். செல்லூரிலிருந்து, அழகர் ஆற்றில் இறங்கும் ஆழ்வார்புரம் நடக்கிற தூரம்தான், ஆனால் கூட்டத்தில் அது தூரமே வேறு. செம்பில் சர்க்கரை நிரப்பி வாழையிலை கட்டி, மேலே சூடம் ஏற்றிப் பெண்கள். தோப்பறை என்கிற தோல்பையிலிருந்து தண்ணீர் பீய்ச்சும் ஆட்கள். என் கண்ணாடி முழுக்க நீர்த்துளி, துடைக்கக் கையைத் தூக்க இடமில்லை.

முதலில் குடை தெரிந்தது. அப்புறம் குதிரையின் தலை. எத்தனை மாதமாக எண்ணி எண்ணிப் போட்ட தலை அது. இருட்டு விலகியும் விலகாத வெளிச்சத்தில் முதலில் பட்டு கறுப்பாகத்தான் தெரிந்தது. தீவட்டி கொஞ்சம் திரும்பியது. "பச்சை! பச்சை!" என்று பக்கத்திலிருந்த பாட்டி என் தோளைப் பிடித்து உலுக்கினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து குளித்து, இரண்டு மணி நேரம் தூங்கி எழுந்து நூல் டப்பாவைத் திறந்தேன். இன்று ஊருக்கே விடுமுறை, கடை கிடையாது. என்னிடம் இருக்கும் பச்சை, இரண்டாவது கிளிக்கு வாங்கிய அந்த இரண்டு கண்டுதான். 14 கட்டத் துணியில் இரண்டு இழை வைத்துப் போட்டால் ஒரு கண்டு என் கைக்கு 1500 தையலுக்குச் சுமாராக வரும். 1900க்கு ஒன்று போதாது. இரண்டும் ஒரே பெட்டி, ஒரே சாயம். மடிப்பு நிழலுக்கு ஆழ்ந்த பச்சை, 923, அரைக் கண்டு ஏற்கெனவே இருக்கிறது. இரண்டாவது கிளி தனி உறை. அதற்குப் புதிதாக வாங்கினால் போதும், வைகாசிக்கு நாள் இருக்கிறது.

ஓர் இழையை இரண்டு முழம் வெட்டி, நடுவில் மடித்து, இரண்டு நுனியையும் சேர்த்து ஊசியில் கோத்தேன். அடியிலிருந்து ஏற்றி, குறுக்கே இறக்கி, கீழே நிற்கும் மடிப்புக்குள் ஊசியை விட்டு இழுத்தால் முடிச்சில்லாமல் நின்றுவிடும். இடுப்பிலிருந்து கீழே தொடங்கினேன்.

அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்து நூலைப் பார்த்தார். "இது கிளிக்கு வாங்குன பச்சைதானே?"

"ஆமா அத்தை. கிளியைக் கொஞ்சம் நிறுத்தி வச்சிருக்கேன்."

"தங்கச்சி கையில இருக்க கிளி. அண்ணனுக்குத்தானே குடுக்குது" என்றார். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, டிசைன் தாளை மடியில் வைத்து, ஒரு வரிசைக்கு எத்தனை என்று எனக்குப் படித்துச் சொல்லத் தொடங்கினார். பதினேழு. பதினெட்டு. அடுத்த வரி மறுபடி பதினெட்டு.

பத்தரைக்கு நிறுத்தினோம். 126 தையல். நாளை ஆபீஸ் இருக்கிறது, காலை ஆறு மணிக்குப் பனிக்குடிசை.