தேய்ப்பதற்கு முன் ஒரு ஸ்டீல் ஸ்கேல் எடுங்கள்

"அண்ணா, கம்ப்யூட்டர் ப்ராசசர் மேல வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்ச்சா சூடு குறையுமாமே, செய்யட்டுமா?" என்று சித்தி பையன் போன வாரம் கேட்டான். நான் இரண்டு ப்ராசசரைத் தேய்த்திருக்கிறேன். முதலாவதில் ஐந்து டிகிரி குறைந்தது, இரண்டாவதில் ஒன்றுமே மாறவில்லை.

ப்ராசசரின் மேல்மூடி செம்பு, அதன் மேல் நிக்கல் பூச்சு. செம்பு நிக்கலைவிட நான்கு மடங்குக்கு மேல் வெப்பம் கடத்தும் என்பதால் நிக்கலை எடுத்தாலே போதும் என்று பலர் நம்புகிறார்கள், ஆனால் அந்தப் பூச்சின் கனம் சில மைக்ரான்தான், அதைச் சுரண்டி எடுத்தால் அரை டிகிரிகூடக் கிடைக்காது. கண்ணாடி போல் மின்னுவதாலும் பயனில்லை. மட்டம்தான் விஷயம். மூடிக்கும் அதன் மேல் உட்காரும் கூலருக்கும் நடுவே வெப்பம் கடத்தத் தடவுவதுதான் பேஸ்ட். மூடியின் நடுவில் பள்ளம் இருந்தால் அங்கே பேஸ்ட் தடிமனாகத் தேங்கும், பேஸ்ட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வெப்பம் கடத்துவதில் செம்பின் பக்கத்தில்கூட வராது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 100 வாட் வெப்பம் 2 சதுர சென்டிமீட்டர் வழியாக ஏறுகிறது, பேஸ்டின் வெப்பக் கடத்துத்திறன் 5 (வாட்/மீட்டர்-கெல்வின்) என்று வையுங்கள், 0.05 மில்லிமீட்டர் பேஸ்ட் கூடினாலே 5 டிகிரி ஏறும்.

என் முதல் ப்ராசசரில் இதைக் கண்ணாலேயே பார்த்தேன். தடித்த கண்ணாடித் துண்டின் மேல் 400 நம்பர் பேப்பரை விரித்து, அழுத்தாமல், சில முறைக்கு ஒருதரம் திருப்பித் திருப்பித் தேய்த்தபோது நான்கு ஓரத்திலும் செம்பு தெரிய ஆரம்பித்துவிட்டது, நடுவில் மட்டும் வெள்ளி நிறம் வட்டமாக அப்படியே இருந்தது. அந்த வட்டம்தான் பள்ளம். அது மறைய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது, அப்புறம் அதைவிட நைசான 800, 1000. அதற்கு மேல் போனது வெறும் ஆசைக்கு. இரண்டாவது ப்ராசசரில் செம்பு எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் தெரிந்தது, அதாவது அது முதலிலேயே மட்டம், வாரண்டியும் மூடியில் பொறித்திருந்த எழுத்தும் போனதுதான் மிச்சம்.

தேய்த்தும் பயனில்லாத இடங்கள் வேறு உண்டு. இன்டெல் 2012இல் ஐவி பிரிட்ஜ் வகை ப்ராசசர்களில் உள்ளே இருக்கும் சிலிக்கன் சில்லுக்கும் மூடிக்கும் நடுவே சால்டருக்குப் பதில் பேஸ்ட் வைத்தது. தடை மூடிக்கு உள்ளே இருக்கும்போது வெளியே தேய்த்து என்ன ஆகும்? 2021இல் வந்த இன்டெலின் எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் (மதர்போர்டில் ப்ராசசர் உட்காரும் இடம்) பிரச்சினை வேறு மாதிரி, பூட்டும் உலோகச் சட்டம் நீளமான ப்ராசசரின் நடுப்பகுதியை அழுத்தி வளைத்துவிடும். வெளியே எடுத்து எவ்வளவு மட்டமாகத் தேய்த்தாலும் உள்ளே பூட்டியதும் மறுபடி வளையும். அதற்கு அந்தச் சட்டத்தைக் கழற்றிவிட்டு, ஓரங்களைச் சமமாக அழுத்தும் கான்டாக்ட் ஃப்ரேம் போடுவதுதான் சரி.

அதனால் தம்பியிடம், முதலில் கூலரைக் கழற்றி பேஸ்ட் எப்படிப் பரவியிருக்கிறது என்று போட்டோ எடு, துடைத்துவிட்டு மூடியின் மேல் ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே நிறுத்தி, பின்னால் டார்ச் அடித்து வெளிச்சம் கசிகிறதா பார் என்றேன். கசியவில்லை. போட்டோவில் பேஸ்ட் ஒரு பக்கம் மெலிதாகவும் எதிர்ப்பக்கம் தடியாகவும் இருந்தது, கூலரின் ஒரு ஸ்க்ரூவை முழுதாக முடுக்கிவிட்டுத்தான் அடுத்ததைத் தொட்டிருக்கிறான். குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கச் சொன்னேன், ஏழு டிகிரி குறைந்தது. வாங்கி வைத்திருந்த வாட்டர் பேப்பர் பிரிக்காமலே கிடக்கிறது.