குலசேகரத்து ரப்பர் கடைக் கணினியில் எந்த விண்டோஸ்?

குலசேகரத்தில் என் மாமா ரப்பர் ஷீட் வாங்கும் கடை நடத்துகிறார். ஷீட்டும், மரத்திலும் சிரட்டையிலும் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலும் கொண்டு வருகிறவர்களுக்கு எடை போட்டு, அன்றைய விலைக்குக் கணக்குப் பார்த்து, கணினியில் ஏற்றிச் சீட்டுக் கொடுப்பார். பழைய பிரிண்டர் படுத்துவிட்டதால் மார்த்தாண்டம் போய்ப் புதிதாக ஒரு பில் பிரிண்டர் வாங்கி வந்தார். கூடவே ஒரு சிடி தந்திருந்தார்கள். அதைப் போடக் கணினியில் இடமே இல்லை. விற்ற கடைக்குப் போன் செய்தால், “எந்த விண்டோஸ், எத்தனை பிட்? சொன்னீங்கன்னா டிரைவர் லிங்க்கை வாட்ஸ்அப்ல அனுப்பிடுறேன்” என்றார்கள். டிரைவர் என்பது பிரிண்டரைக் கணினியோடு பேச வைக்கும் சின்ன மென்பொருள். அதற்காகத்தான் மாமா என்னைக் கூப்பிட்டார்.

“விண்டோஸ் பதினொண்ணுதான் மக்களே. திரையில அந்த நீலப் பூ கிடக்குல்லா?”

நீலப் பூ இருந்தது உண்மைதான். விண்டோஸ் 11 வெளியானபோது அதனோடு வந்த படம் அது. ஆனால் படம் யாருடைய கணினியிலும் போட்டுக்கொள்ளக் கூடியது. ஸ்டார்ட் பொத்தான் இடது மூலையில் இருந்தது. விண்டோஸ் 11-இல் அது வழக்கமாக நடுவில் இருக்கும். அதை வைத்தும் முடிவு கட்ட முடியாது, ஏனென்றால் 11-இலும் செட்டிங்ஸில் அதை இடது பக்கம் தள்ளி வைக்கலாம். மாமா மேலே கிடக்கும் ஒரு ஷீட்டைப் பார்த்துக் கட்டு முழுவதற்கும் ரகம் சொல்ல மாட்டார். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். கணினியையும் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்றேன். உடனே பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

விண்டோஸ் படம் போட்ட விசையை அழுத்திக்கொண்டே ஆர் விசையைத் தட்டினால் இடது கீழ் மூலையில் ஒரு சின்னப் பெட்டி திறக்கும். அதில் வின்வெர் என்று ஆங்கில எழுத்தில், டபிள்யூ, ஐ, என், வி, இ, ஆர் என ஆறு எழுத்தும் இடைவெளி இல்லாமல் அடித்து எண்டர் கொடுத்தேன். சின்ன ஜன்னல் ஒன்று வந்தது. மேலே பெரிதாக விண்டோஸ் 10. அதன் கீழே வெர்ஷன் 1909, ஓஎஸ் பில்டு 18363, ஒரு புள்ளி, அப்புறம் இன்னும் சில இலக்கங்கள்.

இந்த எண்களைப் படிக்கத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. விண்டோஸ் 10 என்பது குடும்பப் பெயர் மாதிரி. 2015-இல் தொடங்கி அதற்குள் பல வெர்ஷன்கள் வந்தன. 1909 என்றால் 2019-ஆம் ஆண்டு, ஒன்பதாம் மாதம் என்று வைத்த எண். வெளிவந்தது அந்த வருடம் நவம்பரில். 2020-இன் பிற்பகுதியிலிருந்து 20எச்2, 21எச்1 என்று, ஆண்டையும் அதன் எந்தப் பாதி என்பதையும் சேர்த்து எழுதத் தொடங்கினார்கள். விண்டோஸ் 10-இன் கடைசி வெர்ஷன் 22எச்2, அதன் பில்டு, அதாவது உள்ளே வைத்திருக்கும் வரிசை எண், 19045. ஆக, மாமாவின் கணினி 11 இல்லை என்பதோடு, 10-இலும் நாளான ஒன்று.

பக்கத்தில் நின்ற மாமா மகள், நாகர்கோவிலில் இன்ஜினியரிங் படிக்கிறவள், தன் லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ப்ட் என்ற, கட்டளைகளை எழுத்தில் அடிக்கும் கறுப்பு ஜன்னலைத் திறந்து வெர் என்று அடித்துக் காட்டினாள். 10.0.22631 என்று வந்தது. “அப்போ என்னதும் பத்துதானா அண்ணா?” என்று முகம் வாடிப் போனாள். அது விண்டோஸ் 11-தான். 11 வந்த பிறகும் உள்ளே இருக்கும் எண்ணை மைக்ரோசாஃப்ட் 10.0 என்றே வைத்திருக்கிறது. அங்கே பார்க்க வேண்டியது மூன்றாவது எண்ணைத்தான். அது 22000 அல்லது அதற்கு மேல் என்றால் விண்டோஸ் 11. அவளுடையது 23எச்2. விண்டோஸ் 7-க்கும் உள்ளே 6.1 என்றுதான் எண். அதனால் வெர் காட்டும் முதல் எண்ணைப் பார்த்து யாரும் முடிவுக்கு வந்துவிட வேண்டாம்.

சரி, பிட் கணக்கு. விண்டோஸ் 10, 32 பிட், 64 பிட் என்று இரண்டு வகையாக வரும், டிரைவரும் அந்தந்த வகைக்குத் தனித்தனி. அதை வின்வெர் சொல்லாது. செட்டிங்ஸ், சிஸ்டம் என்று போய், கடைசியில் இருக்கும் அபௌட்டைத் திறந்தோம். சிஸ்டம் டைப் என்ற வரியில், 32 பிட் ஆப்பரேட்டிங் சிஸ்டம், எக்ஸ்64 பிராசஸர் என்று இருந்தது. இந்த ஒரே வரியில் இரண்டு வேறு செய்திகள் இருக்கின்றன. பிராசஸர் 64 பிட்டை ஓட்டக் கூடியது. ஆனால் அதில் ஏற்றி வைத்திருக்கும் விண்டோஸ் 32 பிட். அவசரத்தில் வரியின் பின்பாதியை மட்டும் பார்த்து 64 என்று சொல்லிவிட்டால், அந்த டிரைவர் இதில் ஏறாது. ரேம் 4 ஜிபி என்றும், அதில் 3.4 அளவுதான் பயன்படும் என்றும் அதே பக்கத்தில் இருந்தது. 32 பிட் விண்டோஸில் வழக்கமாக நடப்பதுதான் இது.

“இது எப்போ போட்டது?” என்று கேட்டேன். ஐப்பசி இடியில் மதர்போர்டு போன வருஷம், கொரோனா சமயம் என்றார் மாமா. கமாண்ட் பிராம்ப்டில் சிஸ்டம்இன்ஃபோ என்று அடித்துச் சற்றுக் காத்திருந்தால் நீளமாக ஒரு பட்டியல் வரும். அதில் ஒரிஜினல் இன்ஸ்டால் டேட் என்ற வரியில் 2020 நவம்பர் என்று இருந்தது. அவர் சொன்னதோடு ஒத்துப்போயிற்று. பெரிய அப்டேட் ஏறினால் இந்தத் தேதியும் மாறிவிடும். இங்கே மாறாமல் இருந்ததால், அன்று போட்டதற்குப் பிறகு ஒரு பெரிய அப்டேட்டும் ஏறவில்லை என்பதும் தெரிந்துவிட்டது.

கடைக்குப் போன் செய்து விண்டோஸ் 10, 32 பிட் என்று சொன்னோம். லிங்க் வந்தது, டிரைவர் ஏறியது, அன்று சாயங்காலமே சீட்டு அச்சாகி வந்தது. பிரிண்டர் சங்கதி அத்தோடு தீர்ந்தது.

எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. 1909-இன் ஹோம், புரோ பதிப்புகளுக்குப் பாதுகாப்பு அப்டேட் 2021 மே மாதத்தோடு நின்றுவிட்டது. விண்டோஸ் 10 மொத்தத்துக்கும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. ஊர்க்காரர்களின் பேரும் வங்கிக் கணக்கு எண்ணும் அந்தக் கணினியில் கிடக்கிறது. ஷீட் கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பணம் அதிலிருந்துதான் போகிறது. அதை அப்படியே விட்டுவிட்டு வர எனக்கு முடியவில்லை.

விண்டோஸ் 11 போடலாமா என்று பார்க்க அபௌட் பக்கத்திலேயே பிராசஸர் பேரைப் பார்த்தோம். ஐ3-4130. கோடுக்குப் பிறகு வரும் 4 என்பது நான்காம் தலைமுறை. இன்டெல்லில் விண்டோஸ் 11-க்கு எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். ஆகவே இந்தப் பெட்டியில் அதற்கு வழியில்லை. மீதமிருந்த வழி, 22எச்2-க்குப் போய், நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்வது. வீட்டுக் கணினிகளுக்கு அது 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும். 22எச்2 இருந்தால்தான் சேர முடியும்.

போடுவதே போடுகிறோம், 64 பிட்டாகப் போட்டுவிடலாம் என்று முடிவெடுத்தோம். 32 பிட்டின் மேலேயே 64 பிட்டை ஏற்ற முடியாது. சுத்தமாக அழித்துத்தான் போட வேண்டும். அதனால் கணக்கு மென்பொருளின் பேக்கப்பை இரண்டு பென்டிரைவில் எடுத்து, ஒன்றை மகளின் லேப்டாப்பில் திறந்து, கடைசிச் சீட்டு வரை இருக்கிறதா என்று மாமாவையே பார்க்கச் சொன்னேன். அவர் பேரேட்டை வைத்து வரிவரியாக ஒத்துப் பார்த்த பிறகுதான் அழித்தோம். ஆக்டிவேஷன் பக்கத்தில் டிஜிட்டல் உரிமம் இருந்தது. எடிஷன் மாறாமல் புரோவுக்குப் புரோவே போட்டதால் பழைய உரிமமே செல்லுபடியாயிற்று. பிரிண்டருக்கு மட்டும் 64 பிட் டிரைவரை மறுபடி வாங்கி ஏற்ற வேண்டியிருந்தது.

நம் பக்கத்தில் பல வீடுகளில் அரசு கொடுத்த பழைய லேப்டாப் இன்னும் இருக்கிறது. அவற்றில் சிலவற்றில் விண்டோஸோடு, மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்ற வேறொரு ஆப்பரேட்டிங் சிஸ்டமும் இருக்கும். ஆன் செய்ததும் எதைத் திறக்கட்டும் என்று கேட்கும் கறுப்புத் திரையில் இரண்டு பெயரும் வரும். அங்கே எந்த விண்டோஸ் என்று தேடும் முன், இப்போது ஓடுவது விண்டோஸ்தானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாமா கணினியில் இப்போது வின்வெர் 22எச்2, 19045 என்று காட்டுகிறது. 2026 அக்டோபருக்குள் புதுப் பெட்டி வாங்கியாக வேண்டும். மழை ஓய்ந்து பால்வெட்டு சீராக நடக்கும் மாதங்களில் அதற்குப் பணம் ஒதுக்குவதாக மாமா சொல்லியிருக்கிறார்.