சங்கிலிச் சத்தம்

நேற்று முதல்முறையாக டிஸ்க் கோல்ஃப் இரட்டையர் போட்டியில் ஆடினேன். தட்டை வீசி, சங்கிலிகள் தொங்கும் கூடைக்குள் விழவைக்கும் ஆட்டம் அது. இருவரும் வீச வேண்டும். எது நல்ல இடத்தில் விழுந்ததோ, அங்கிருந்து மறுபடி இருவரும். அதாவது நான் மரத்தில் அடித்தாலும் கூட்டாளி காப்பாற்றிவிடுவார். 18 கூடைகளில் பாதிக்கு மேல் அப்படித்தான் போனது, பாவம் மனிதர்.

14-வதில் மட்டும் கதை வேறு. கூடைக்கு ஏறக்குறைய 10 மீட்டர். அவர் வீசியது சங்கிலியில் பட்டுத் தெறித்து வெளியே விழுந்தது. அப்புறம் நான். உள்ளங்கை வியர்வையைச் சட்டையில் துடைத்துக்கொண்டேன். எதிர்காற்று தூக்கிவிடக் கூடாதென்று தட்டின் முன்விளிம்பைக் கொஞ்சம் தாழ்த்தி விட்டேன். சலங்கை மாதிரி சங்கிலிகள் குலுங்க, தட்டு கூடைக்குள் உட்கார்ந்தது. நாங்கள் போட்ட கூச்சலில் பக்கத்து ஜோடி வீச்சைத் தவறவிட்டது. மன்னிப்புக் கேட்டோம்.

கடைசியில் எங்களுக்குக் கீழே ஒரே ஒரு ஜோடி. அதே பக்கத்து ஜோடிதான்.