துப்பத் தெரிந்தவர்

இரவு சாப்பிட்டுக்கொண்டே, ஒயினைச் சுவைத்து எழுதும் பிரிட்டிஷ் விமர்சகர் ஜான்சிஸ் ராபின்சனின் பழைய வீடியோ ஒன்றைப் பார்த்தேன்.

கிளாஸைச் சாய்த்து நிறம் பார்க்கிறார். ஒரு சுழற்று. மூக்கை உள்ளே விட்டு முகர்கிறார். ஒரு வாய். அப்புறம் பக்கத்துப் பாத்திரத்தில் நேர்க்கோடாக ஒரே பீய்ச்சு! சட்டையில் ஒரு துளி இல்லை.

குடிக்கச் சம்பளம் வாங்குகிறவர் என்றுதான் நினைப்போம். விழுங்கினால் இந்த வேலையில் மதியத்தைத் தாண்ட முடியாது.

ஆக்ஸ்ஃபோர்டில் கணிதமும் தத்துவமும் படித்தவர். 1975இல் ஒயின் வணிகப் பத்திரிகை ஒன்றில் உதவி ஆசிரியர். 1984இல் 'மாஸ்டர் ஆஃப் ஒயின்' என்ற ஒயின் துறைத் தேர்வில் தேறினார். ஒயின் வியாபாரத்துக்கு வெளியே இருந்து தேறிய முதல் ஆள். அந்தத் தேர்வில் லேபிள் தெரியாமல் 36 ஒயின் வைப்பார்கள். என்ன திராட்சை, எந்த ஊர் என்று காரணத்தோடு எழுத வேண்டும். கணக்குப் படித்த மூளை அங்கே கைகொடுத்திருக்கும் என்பது என் ஊகம்.

பிபிசி தொடர், ஃபைனான்ஷியல் டைம்ஸ் பத்தி, எலிசபெத் ராணியின் ஒயின் கிடங்குக்கு ஆலோசனை எல்லாம் பிறகு.

எனக்குப் பிடித்தது வேறு. சிவப்புக்கு ஒன்று, வெள்ளைக்கு ஒன்று, ஷாம்பெயினுக்கு ஒன்று என்று கிளாஸ் விற்கும் உலகத்தில், எல்லாவற்றுக்கும் ஒன்றே போதும் என்று 2018இல் ஒரு வடிவமைப்பாளரோடு சேர்ந்து தானே ஒரு கிளாஸைக் கொண்டுவந்தார்.

விலையை மட்டும் கேட்காதீர்கள்.