குரூப் 1 மெயின்ஸ்: மத்திய–மாநில உறவுகளை நான் படித்த விதம்

போன வாரம் ரிசல்ட் வந்தது. மூன்றாவது முயற்சி. பதிவெண்ணை நாலு முறை சரிபார்த்த பிறகுதான் அம்மாவுக்குப் போன் செய்தேன். இந்த ஒரு தலைப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். முந்தைய இரண்டு முறையும் என் காலை வாரியது இதுதான்.

அப்போது ஏழாவது அட்டவணை (மத்திய, மாநில அதிகாரங்களைப் பிரிக்கும் அரசியலமைப்புப் பட்டியல்கள்), குழுக்கள், பரிந்துரைகள் என்று எல்லாம் மனப்பாடம். நான் படித்த பயிற்சி மையத்தின் நோட்ஸ் முழுக்க ஒரே கதை: மத்திய அரசு அதிகாரத்தை எடுத்துக்கொண்டே போகிறது. அதை நம்பி 1959 கேரள ஆட்சிக் கலைப்பு, 1976 திருத்தம், ஜிஎஸ்டி என்று ஒரு மாதிரித் தேர்வில் எழுதினேன். 15-க்கு 4. ஓரத்தில் சிவப்பு மையில் "1994 எங்கே?" என்று மட்டும் இருந்தது.

அந்தக் கேள்விதான் என்னைத் திருத்தியது. ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டேன். எந்த வருடம், அதிகாரம் எந்தப் பக்கம் போனது, எந்த வழியாகப் போனது. மூன்றாவது கட்டம்தான் உயிர். சட்டமா, பணமா, நீதிமன்றமா, தேர்தல் கணக்கா?

1976-ல் 42-வது திருத்தம் கல்வி, காடு உட்பட ஐந்து விஷயங்களை மாநிலப் பட்டியலிலிருந்து, இரு அரசுகளும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலுக்குக் கொண்டுபோனது. வழி: சட்டம். 1989-க்குப் பிறகு கூட்டணி ஆட்சிகள் வந்தபோது மாநிலக் கட்சிகளின் கை ஓங்கியதற்கு எந்தத் திருத்தமும் தேவைப்படவில்லை. வழி: தேர்தல் கணக்கு. 1994 பொம்மை வழக்கில், மாநில ஆட்சியைக் கலைக்க உதவும் 356-வது பிரிவைப் பயன்படுத்துவது நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டது, பெரும்பான்மையைச் சட்டமன்றத்தில்தான் நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன்பின் ஆட்சிக் கலைப்புகள் வெகுவாகக் குறைந்தன.

பணம் இன்னும் சுவாரசியம். 14-வது நிதிக்குழு மத்திய வரிகளில் மாநிலங்களின் பங்கை 32-லிருந்து 42 சதவீதமாக உயர்த்தியது. ஆனால் வரிக்கு மேல் மத்திய அரசு கூடுதலாக வசூலிக்கும் செஸ், சர்சார்ஜ் இரண்டும் பகிர்வுக்குள் வராது. ஒரு கை கொடுக்க, இன்னொரு கை தனியாக வைத்துக்கொள்கிறது. மத்திய, மாநில அமைச்சர்கள் சேர்ந்து முடிவெடுக்கும் ஜிஎஸ்டி கவுன்சிலில் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு ஓட்டு, தீர்மானத்துக்கு வேண்டியது நான்கில் மூன்று. அதாவது மத்திய அரசு ஒத்துக்கொள்ளாமல் எதுவும் நகராது. கவுன்சிலின் பரிந்துரைகள் கட்டாயமல்ல என்ற 2022 தீர்ப்பையும் சேர்த்து எழுதினால்தான் விடை முழுமையாகும்.

அப்புறம் சில:

- ராஜமன்னார் குழு (மத்திய–மாநில உறவுகளை ஆராயத் தமிழ்நாடு அரசு அமைத்தது; 1969, அறிக்கை 1971). தமிழ்நாட்டில் தேர்வு எழுதிவிட்டு இதை விடவே கூடாது.
- சர்க்காரியா, பூஞ்சி (இதே தலைப்பில் மத்திய அரசு அமைத்த ஆணையங்கள்): ஆளுக்கு இரண்டு பரிந்துரை போதும். 1990-ல் மாநிலங்களுக்கு இடையிலான மன்றம் வந்தது சர்க்காரியா பரிந்துரையால்.
- குழுவாகப் படிக்காதீர்கள். இந்தத் தலைப்பில் எங்கள் விவாதம் ஒவ்வொரு முறையும் கட்சிச் சண்டையாகத்தான் முடிந்தது. தனியாக உட்கார்ந்து கட்டம் போடுங்கள்.
- ஆளுநர், பிரிவு 200 (மசோதாக்களுக்கு ஆளுநர் ஒப்புதல் தருவது பற்றியது): அதற்குக் காலக்கெடு விதித்த உச்ச நீதிமன்றத்தின் 2025 ஏப்ரல் தீர்ப்போடு நிறுத்தினால் விடை தப்பாகிவிடும். அப்படிக் காலக்கெடு விதிக்க முடியாது என்று அதே ஆண்டு நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு கருத்துச் சொன்னது. இரண்டையும் அடுத்தடுத்த வரிகளில் எழுதுங்கள்.
- ஒரு விடையில் கட்டத்திலிருந்து நாலு வருடங்களை எழுதினால் போதும். ஐந்தாவதைத் தொட்டால் அடுத்த கேள்விக்கு நேரம் இருக்காது.