அப்பத்தாவின் நடையை அளக்கப் போன கதை

நடக்கிறதுதானே, அதற்கென்ன தயாரிப்பு என்று நினைத்துத்தான் முட்டி மாற்று அறுவை செய்துகொண்ட அப்பத்தாவைக் காரைக்குடியிலிருந்து விடியற்காலைப் பல்லவன் ரயிலில் சென்னைக்கு, நடையை அளக்கும் ஓர் ஆய்வுக்குக் கூட்டிப்போனேன். அந்த முதல் பயணம் தண்டம்.

செயற்கை மூட்டில் எந்த வடிவம் வைத்தால் நடை எப்படி அமைகிறது என்று ஒப்பிடுகிற ஆய்வு அது. முட்டிக்குள் இருக்கும் பின்பக்க ஜவ்வை விட்டுவைத்துப் பொருத்துவது சி.ஆர்.; ஜவ்வை எடுத்துவிட்டு அதன் வேலையை மூட்டிலுள்ள ஒரு முளையிடம் கொடுப்பது பி.எஸ். அப்பத்தாவுக்கு எது? டிஸ்சார்ஜ் சம்மரியில் 'மூட்டு மாற்று அறுவை' என்பதோடு சரி. பில்லில் 'பேக்கேஜ்' என்று ஒரே வரி. ஆய்வுக்கூடத்தில் கையை விரித்துவிட்டார்கள்.

ஊர் திரும்பி, அறுவை செய்த மருத்துவமனைக்கு நடையாய் நடந்தேன். மூட்டு வந்த பெட்டியின் ஸ்டிக்கரில் அதன் வகை இருக்கும்; அதைத்தான் கேட்டேன். பதிவேட்டுப் பிரிவில் இருந்தவர் தலையே நிமிராமல், "ஸ்டிக்கர் எல்லாம் நோயாளிக்குத் தர்றதில்லை" என்றார். 2017 ஆகஸ்டில் மூட்டு விலைக்கு உச்சவரம்பு வந்தபோதே, பில்லில் மூட்டின் விலையைத் தனியாகப் போட்டு, தயாரிப்பாளர் பெயர், பேட்ச் எண் எல்லாம் எழுத வேண்டும் என்று உத்தரவு இருப்பதைச் சொன்னேன். எழுந்து உள்ளே போனார். மூன்றாம் நாள் ஸ்டிக்கர் பக்கத்தின் நகல் கைக்கு வந்தது. அறுவை செய்துகொள்கிறவர்கள் வீட்டுக்குக் கிளம்பும் அன்றே அதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் பயணம். ஏதோ சாதித்தவன் மாதிரி நகலை நீட்டி "பி.எஸ்.ங்க" என்று ஆரம்பித்தேன். அளக்கிற பெண் பதறி, "சொல்லாதீங்க! எந்த வகைன்னு எனக்குத் தெரியக் கூடாது" என்று அதை உறையில் போட்டு ஒட்டச் சொல்லிவிட்டார். தெரிந்தால் அளவில் சார்பு வந்துவிடுமாம்.

அடுத்தது சேலை. இடுப்பு, முட்டி, கணுக்கால், குதிகாலில் பளபளக்கும் சின்ன உருண்டைகளை ஒட்டுவார்கள். சுற்றியுள்ள அகச்சிவப்புக் கேமராக்கள் அவற்றைத்தான் பார்க்கும். சேலை மறைத்துவிடும். கடைசியில் அப்பத்தா என்னுடைய அரைக்கால் டவுசரைப் போட்டுக்கொள்ளச் சம்மதித்தார், ஆம்பிளைகள் எல்லாரும் வெளியே போனால் என்ற நிபந்தனையோடு. என் மனைவி மட்டும் உள்ளே. உருண்டைகள் ஒட்டவில்லை: காலையில் முட்டிக்குத் தைலம் தேய்த்திருக்கிறார். துடைத்து ஒட்டினால், கணினியில் கூடுதலாக இரண்டு புள்ளிகள். மெட்டி! "ஐயா இருக்கும்போது கழட்டவா?" என்று ஒரு போடு போட்டார். கறுப்பு டேப்பைச் சுற்றி மறைத்தார்கள்.

என் தப்பும் ஒன்று உண்டு. வெளியே போகும்முன், "தரையில அந்தச் சதுரம் தெரியுதா, அதுல மிதிங்க" என்று சொல்லிவிட்டேன். அது கால் அழுத்தத்தை அளக்கும் பலகை. குறிபார்த்து மிதித்தால் இயல்பான நடை கெட்டுவிடும். அப்பத்தா கோலத்தைத் தாண்டுகிறவர் மாதிரி எட்டி எட்டி மிதித்ததில் முதல் ஏழெட்டு நடை வீண். பேச்சுக் கொடுத்து மறக்கடித்த பிறகுதான் தேறியது.

மற்றபடி வேலை சுலபம். சமதரையில் நடக்கும்போது முட்டி 60 டிகிரி சுமாருக்குத்தான் மடங்குமாம். வடிவ வித்தியாசம் அதில் அவ்வளவாகத் தெரியாது என்பதால் படியும் ஏறச் சொன்னார்கள். முகப்புப் படிகளில் ஏறி இறங்கியே பழகிய கால், சிரமமில்லை.

கிளம்பும்போது ரிப்போர்ட் கேட்டேன். தனி ஆளுக்குத் தருவதில்லை, ஆய்வுக்கு மட்டும்தான் என்றார்கள். சம்மதப் படிவத்திலேயே இருந்திருக்கிறது; நான்தான் படிக்காமல் கையெழுத்து வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

மெட்டியில் ஒட்டியிருந்த டேப்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே அப்பத்தா கேட்டார்: "நடந்தது நானு, கணக்கு அவுகளுக்கா?"