நெத்திலி இருக்க வேண்டிய இடத்தில் கட்டம்: இஆர்பிநெக்ஸ்ட் கண்டெய்னரில் தமிழ் பில்

மண்டபத்துக் கருவாட்டுக் கிட்டங்கி ஒன்றுக்காக டாக்கரில் (மென்பொருளைக் கண்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி) ஏற்றிய இஆர்பிநெக்ஸ்டில் (பில், சரக்கு, கணக்கு பார்க்கும் மென்பொருள்), மெயிலில் போன பில்லிலும் தமிழ் ஒழுங்காக விழுந்துவிட்டது. திரையில் தெரியும் பில், பிரிண்ட் கொடுத்தால் வரும் பிடிஎஃப், மெயிலில் ஒட்டிப்போகும் பிடிஎஃப் என்று மூன்று இடம் உண்டு. மூன்றும் சரியானால்தான் வேலை முடிந்த கணக்கு. மூன்றாவதுதான் ரொம்பப் படுத்திவிட்டது.

அடித்தளம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். 8 ஜிபி ரேம் உள்ள பழைய மினி பிசி, 256 ஜிபி எஸ்எஸ்டி, டெபியன் 12, இஆர்பிநெக்ஸ்டின் அடித்தளமான ஃப்ராப்பேயின் டாக்கர் களஞ்சியத்தில் சோதனைக்கென்று தரும் ஒற்றைக் கம்போஸ் கோப்பின் (எந்தெந்தக் கண்டெய்னர் எப்படி ஓட வேண்டும் என்று சொல்லும் கோப்பு) நகல். இமேஜுக்குப் (கண்டெய்னரை உருவாக்கும் அச்சு) பதிப்பு எண்ணைத் தெளிவாக எழுதி வையுங்கள். 'லேட்டஸ்ட்' என்று விட்டால், என்றோ ஒருநாள் புல் செய்யும்போது (இமேஜை இறக்கும்போது) பதிப்பு தாவிவிடும். டேட்டாபேஸ் பழைய அமைப்பிலேயே நிற்கும்.

இனி எழுத்துரு. பிரவுசர் நம் கணினியின் எழுத்துருவை எடுத்துக்கொள்வதால் திரையில் நெத்திலி, வாளை, திருக்கை எல்லாம் அழகாகத் தெரியும். பிடிஎஃப் அப்படி இல்லை. கண்டெய்னருக்குள் இருக்கும் டபிள்யூகேஹெச்டிஎம்எல்-டு-பிடிஎஃப் என்ற கருவிதான் அதைச் செய்கிறது. ஒல்லியான டெபியன் இமேஜில் தமிழ் எழுத்துரு கிடையாது, அதனால் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கட்டம். பிரிண்ட் ஃபார்மேட்டில் எழுத்துருப் பெயரை எழுதிப் பார்ப்பதில் பலர் நாளைக் கழிக்கிறார்கள். இல்லாத எழுத்துருவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வராது. முதலில், இஆர்பிநெக்ஸ்ட் நிரல் ஓடும் பேக்எண்ட் கண்டெய்னருக்குள் நுழைந்து, எழுத்துருக்களைப் பட்டியலிடும் எஃப்சி-லிஸ்ட் கட்டளையைத் தமிழ் மொழிக் குறியான 'டிஏ' கொடுத்து ஓட்டுங்கள். ஒரு வரியும் வரவில்லை என்றால் கோளாறு அங்கேதான்.

சொந்த இமேஜ் கட்டி எழுத்துருவை உள்ளே வைக்கலாம். ஆனால் ஒவ்வொரு பதிப்பு ஏற்றத்துக்கும் மறுபடி கட்ட வேண்டும். அதைவிட ஹோஸ்டில் (மினி பிசியில்) ஒரு ஃபோல்டரில் எழுத்துருவைப் போட்டு, கண்டெய்னரின் யூஎஸ்ஆர் – லோக்கல் – ஷேர் – ஃபான்ட்ஸ் இடத்தில், படிக்க மட்டும் என்று மவுண்ட் செய்வது (இணைத்துக் காட்டுவது) எனக்குப் பிடித்த வழி. கவனிக்க வேண்டியவை:

நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் ரெகுலர், போல்ட் என்று தனித்தனி டிடிஎஃப் கோப்புகளையே எடுங்கள். எல்லாத் தடிமனும் ஒரே கோப்பில் வரும் வேரியபிள் வகை வேண்டாம். பிடிஎஃப் கருவி பழைய கியூட்டி 4 காலத்து வெப்கிட்டை (பக்கத்தை வரையும் பிரவுசர் எஞ்சின்) நம்பி நிற்பது. கடைசி வெளியீடு 0.12.6 வந்தது 2020இல், 2023இல் களஞ்சியத்தையே காப்பகமாக்கிவிட்டார்கள். ரெகுலரை மட்டும் போட்டாலும் சரிவராது. தலைப்பு வரிகளைச் செயற்கையாகத் தடித்துக்கொள்ளும்; சின்ன அளவில் 'ணை', 'லை' போன்றவற்றின் சுழிகள் மையால் அடைத்துக்கொள்ளும். பில்லின் உடலுக்கு 10.5 பாயிண்ட் வைத்தேன், 9இல் சுழி மூடுகிறது.

கோப்பு அனுமதி 644, ஃபோல்டருக்கு 755 (எல்லாரும் படிக்கும்படி). உள்ளே ஓடுவது ரூட் அல்ல, ஃப்ராப்பே என்ற பயனர். ஜிப்பிலிருந்து பிரித்த கோப்பு 600இல் (உரியவர் மட்டும் படிப்பது) இருந்தால் மவுண்ட் சரியாக இருந்தும் பட்டியலில் வராது. கம்போஸ் கோப்பை மாற்றிய பிறகு 'ரீஸ்டார்ட்' போதாது. அது பழைய அமைப்பிலேயே எழுப்பிவிடும். 'அப்' கட்டளையைப் பின்னணி ஓட்டமாக மறுபடி கொடுத்தால்தான் புது மவுண்டோடு கண்டெய்னர் பிறக்கும்.

இவ்வளவும் செய்தால் பிரிண்ட் சரியாகிவிடும். மெயிலில் மட்டும் கட்டம் நிற்கும். காரணம், மெயிலோடு போகும் பிடிஎஃப் நாம் பொத்தானை அழுத்தும் நேரத்தில் பேக்எண்டில் உருவாவதில்லை. மெயில் வரிசையில் நிற்கும். அனுப்பும் நேரத்தில் கியூ (வரிசை) வேலையாள் கண்டெய்னர் அதை உருவாக்கும். ஆகவே அதே மவுண்ட் வரியை கியூ-ஷார்ட், கியூ-லாங் இரண்டிலும் போட வேண்டும். ஷெட்யூலருக்கு வேண்டாம், அது வேலையை வரிசையில் தள்ளுவதோடு சரி. மூன்று கண்டெய்னரிலும் தனித்தனியாக எஃப்சி-லிஸ்ட் பார்த்துவிடுங்கள்.

லோகோவும் பில்லின் வடிவமைப்பும் பிடிஎஃப்பில் காணாமல் போவது வேறு கோளாறு. பிடிஎஃப் கருவி படத்தை முகவரி வழியாகப் போய் எடுக்கிறது. அந்த முகவரி லோக்கல்ஹோஸ்ட் 8080 என்றிருந்தால், பேக்எண்டுக்கு லோக்கல்ஹோஸ்ட் என்பது தன்னையே குறிக்கும். பக்கத்தைத் தரும் ஃப்ரண்ட்எண்ட் வேறு கண்டெய்னர். சைட் கட்டமைப்பில் ஹோஸ்ட் நேமை ஃப்ரண்ட்எண்ட் என்று மாற்றினால் பிடிஎஃப் சரியாகும். ஆனால் மெயிலில் போகும் இணைப்புகளும் அந்தப் பெயரிலேயே போகும். கிட்டங்கிக்கு வெளியே எதுவும் திறக்காது, உள்ளேயும் திறக்காது. ஒரே பெயரை இரண்டு பக்கமும் வேலை செய்ய வைக்க வேண்டும். உள் நெட்வொர்க்குக்குக் 'கிட்டங்கி' என்று (ஆங்கில எழுத்தில்) ஒரு பெயர் வைத்து ரவுட்டரில் மினி பிசியைக் காட்டச் செய்தேன். கம்போஸில் ஃப்ரண்ட்எண்டுக்கு அதே பெயரை நெட்வொர்க் ஏலியாஸாகக் (மாற்றுப் பெயராக) கொடுத்தேன். உள்ளும் புறமும் போர்ட் 8080. இப்போது லோகோவும் வருகிறது, கிட்டங்கி வைஃபையில் இணைப்பும் திறக்கிறது.

கடற்கரைக்காரர்கள் கட்டாயம் மாற்ற வேண்டியது ரீஸ்டார்ட் வரி. அந்தக் கம்போஸ் கோப்பில் கொள்கை 'ஆன்-ஃபெயிலியர்' (பிழையால் நின்றால் மட்டும் எழுப்புவது). மின்சாரம் போய்த் திரும்பி டாக்கர் எழும்போது அந்தக் கொள்கையில் இருப்பவை எழுவதில்லை. ஐப்பசி, கார்த்திகைக் காற்றில் கரண்ட் எத்தனை முறை போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கொள்கை இருக்கும் டிப்ளாய் பகுதியை எடுத்துவிட்டு 'அன்லெஸ்-ஸ்டாப்டு' (நாமே நிறுத்தாதவரை எழுப்புவது) எழுதுங்கள். டிப்ளாயை விட்டுவைத்துப் பக்கத்தில் எழுதினால் டிப்ளாய் சொல்வதே நிற்கும். கான்ஃபிகரேட்டர், கிரியேட்-சைட் என்ற கண்டெய்னர்கள் ஒருமுறை ஓடி ஓய வேண்டியவை, அவற்றைத் தொடாதீர்கள். பயாஸில் மின்சாரம் வந்ததும் தானாக எழும் அமைப்பையும் போட்டுவிடுங்கள். வேகத்துக்காக டேட்டாபேஸான மரியாடிபியின் ஃப்ளஷ் அமைப்பை (பதிவை எப்போது வட்டில் எழுதுவது என்பது) 1இலிருந்து 2க்கு மாற்றச் சொல்வார்கள். இந்தக் கரையில் வேண்டாம். கரண்ட் போன நொடிக்கு முந்தைய பில் காணாமல் போகலாம்.

மினி பிசி சென்னை ரிச்சி தெருவில் எடுத்த பழையது. அங்கே வாங்குபவர்கள் மூடியைத் திறந்து ரேம் பற்களையும் விசிறியையும் பார்த்து வாங்குங்கள். உப்புக்காற்றில் பச்சை பிடிப்பது அங்கேதான். கருவாடு காயும் பக்கத்து ஜன்னல் ஓரத்தில் பெட்டியை வைக்கவே கூடாது.

சரக்குப் பட்டியல் இன்னும் பாதிதான் ஏறியிருக்கிறது. பழைய எக்செல் பாமினியில் (யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு) அடித்தது. யூனிகோடுக்கு மாற்றாமல் ஏற்றினால் எந்த எழுத்துருவும் காப்பாற்றாது. மாற்றிய பிறகும் ஒரு கண்ணி இருக்கிறது: 'கொடுவா'வில் உள்ள ஒகரக் குறி சில மாற்றிகளில் ஒரே குறியீடாகவும், சிலவற்றில் எகரக் குறி, கால் என இரண்டு குறியீடாகவும் வருகிறது. கண்ணுக்கு ஒன்று, பைட்டுகள் வேறு. பைத்தானில் யூனிகோட் டேட்டா நிரலகத்தின் என்எஃப்சி முறையில் (பிரிந்த குறியீடுகளை ஒன்றாக்குவது) ஒருமுறை ஓட்டிவிட்டு சிஎஸ்வியை ஏற்றுகிறேன். பெயர்கள் நீளம் என்பதால் பில்லில் சரக்குப் பத்திக்கு 45 விழுக்காடு அகலம் கொடுத்தாயிற்று. 'திருக்கைக் கருவாடு துண்டு' இப்போது ஒரே வரியில் அடங்குகிறது.

பேக்அப்பை ஃப்ராப்பேயின் பெஞ்ச் கட்டளையில் கோப்புகளோடு எடுத்து, வால்யூமுக்கு (டாக்கர் தரவு வைக்கும் இடம்) வெளியே பென்டிரைவுக்கும் நகலெடுக்கிறேன். 'டவுன்' கட்டளையோடு கைதவறி வால்யூம் குறியும் சேர்ந்தால் உள்ளே இருக்கும் பேக்அப்பும் சேர்ந்து போய்விடும். ஏப்ரல் 15 தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் வரத்து குறையும், அப்போது 80 மிமீ தெர்மல் பிரிண்டரில் எடைச் சீட்டு எடுத்துப் பார்க்க எண்ணம். அந்த அகலத்தில் 10.5 பாயிண்ட் தாங்குமா, 'ணை'யின் சுழி மூடுமா என்று முதலில் பார்க்க வேண்டும்.